ஓட்டுநரில்லா வாடகைக் கார்: நுகர்வோர் உண்மையில் விரும்புகிறார்களா?

அமெரிக்காவில் கார் ஓட்டுவோரின் பெரும் சங்கமான ஏஏஏ, தானே ஓடும் கார்களைப் பற்றி மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதை ஆண்டுதோறும் கேட்டறிந்து வெளியிடுகிறது. 2024ஆம் ஆண்டின் ஆய்வில் 66 விழுக்காட்டினர் அத்தகைய காரில் செல்ல அஞ்சுவதாகக் கூறினர். நம்புவதாகச் சொன்னோர் 9 விழுக்காட்டினர் மட்டுமே. அடுத்த ஆண்டு நம்புவோர் 13 விழுக்காடாக உயர்ந்தனர். அப்போதும் பத்துப் பேரில் அறுவருக்கு அச்சம் நீங்கவில்லை. இந்தக் கணக்கை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஓட்டுநரில்லா வாடகைக் கார் நடத்தக் கடன் கேட்டு ஒருவர் வந்தால், எந்த வங்கியும் ஒரு முறைக்கு இரு முறை யோசிக்கும்.

அதே காலத்தில் இன்னொரு கணக்கும் வளர்ந்துகொண்டிருந்தது. கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட்டைச் சேர்ந்த வேமோ, 2024 ஆகஸ்டில் வாரத்திற்கு 1 லட்சம் கட்டணப் பயணங்களை எட்டியது. 2025 ஏப்ரலில் அது இரண்டரை லட்சமாயிற்று. ஃபீனிக்ஸ், சான் பிரான்சிஸ்கோ, லாஸ் ஏஞ்சலிஸ், ஆஸ்டின் ஆகிய நகரங்களில் ஓட்டுநர் இருக்கை வெறுமையாக இருக்க, பின்னிருக்கையில் மக்கள் அமர்ந்து பணம் கொடுத்துப் பயணம் செய்துகொண்டிருந்தனர்.

அஞ்சுகிறோம் என்று ஒரு கணக்கு சொல்ல, ஏறிக்கொண்டிருக்கிறோம் என்று மற்றொன்று சொல்கிறது. இரண்டும் மெய்யே. ஒரு பொருளை நுகர்வோர் விரும்புகின்றனரா என்று அறிவது எவ்வளவு சிக்கலான வேலை என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு அண்மைக் காலத்தில் நமக்குக் கிடைக்கவில்லை. ஆகவே இந்த இதழின் பாடமாக இதனை எடுத்துக்கொள்கிறோம்.

சொல்லும் விருப்பமும் வெளிப்படும் விருப்பமும்

பொருளியல் அறிஞர் பால் சாமுவெல்சன் 1938இல் ஒரு கருத்தை முன்வைத்தார். ஒருவர் மனத்தில் என்ன விருப்பம் இருக்கிறது என்று துருவிக்கொண்டிருக்க வேண்டாம். தம் பணத்தைக் கொண்டு அவர் எதைத் தேர்ந்தெடுக்கிறார், எதைத் தேர்ந்தெடுத்திருக்கக் கூடியபோதும் விட்டுவிடுகிறார் என்று பார்த்தாலே போதும் என்பது அதன் சாரம். அதனை வெளிப்பட்ட விருப்பம் என்பர். கேள்வித்தாளில் எழுதித் தரும் விருப்பம் வேறு. அது கூறப்பட்ட விருப்பம்.

இந்த வேறுபாட்டை எந்தக் கிளை மேலாளரும் தம் அனுபவத்தில் அறிவார். வைப்புத்தொகை வைக்கும்போது எதைப் பார்ப்பீர்கள் என்று கேட்டால் பெரும்பாலோர் வட்டி விகிதம் என்றே விடை சொல்வர். ஆனால் கால் விழுக்காடு கூடுதல் தரும் வங்கி நான்கு தெரு தள்ளி இருந்தாலும், சம்பளம் வரவாகும் கிளையிலேயே, முகமறிந்த அலுவலர் இருக்கும் கிளையிலேயே அவர்கள் வைப்பைப் புதுப்பித்துக்கொள்வர். அவர்கள் பொய் சொல்லவில்லை. கேள்வி வட்டியைப் பற்றி எழுந்தபோது வட்டி நினைவுக்கு வந்தது. படிவத்தை நிரப்பும் நேரத்தில் வெயிலும் நடையும் நினைவுக்கு வந்தன.

ஓட்டுநரில்லாக் காருக்கும் இது பொருந்தும். அத்தகைய காரைக் கண்ணால் கண்டிராத ஒருவரிடம் அதில் ஏறுவீர்களா என்று கேட்டால், அவர் மனக்கண்ணில் தோன்றுவது ஏதோ ஒரு விபத்துச் செய்தி. 2018 மார்ச் 18 அன்று அரிசோனா மாநிலத்தின் டெம்பி நகரில், மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு இரவில் சாலையைக் கடந்த பெண் ஒருவர் ஊபரின் சோதனைக் கார் மோதி இறந்தார். மேற்பார்வைக்கு ஒருவர் ஓட்டுநர் இருக்கையில் இருந்தும் அது நேர்ந்தது. உலகெங்கும் பரவிய அச்செய்தியை நினைவில் வைத்திருப்பவர் அஞ்சுவதாக விடையளிப்பது இயல்பே.

எனினும் வெளிப்பட்ட விருப்பத்திற்கும் ஓர் எல்லை உண்டு. யாருக்கு எந்தத் தேர்வுகள் கையெட்டும் தொலைவில் இருந்தனவோ, அவர்களுடைய விருப்பத்தை மட்டுமே அது காட்டும். வேமோவின் வாரக் கணக்கில் இடம்பெறுபவர் அந்தச் சில நகரங்களில் வாழ்பவர் அல்லது அங்கு வந்து செல்பவர்; திறன்பேசியும் கடன் அட்டையும் வைத்திருப்பவர்; வாடகைக் காருக்குச் செலவிடும் வசதியுள்ளவர். ஏற மறுத்தவரும், ஏற இயலாதவரும் அந்த எண்ணிக்கையில் இல்லை.

ஷில்லாங்கில் பிறந்தவரின் இயந்திரம்

வங்கி வாடிக்கையாளர்களுக்கு இவ்விடத்தில் ஒரு பழைய கதையை நினைவூட்டலாம். ஆளில்லாமல் பணம் தரும் இயந்திரம் 1967 ஜூன் 27 அன்று இலண்டனின் வடபகுதியான என்ஃபீல்டில், பார்க்லேஸ் வங்கிக் கிளையின் சுவரில் திறக்கப்பட்டது. அதனை உருவாக்கியவர் எனப் பெரிதும் அறியப்படும் ஜான் ஷெப்பர்டு பாரன் 1925இல் நம் ஷில்லாங்கில் பிறந்தவர். அந்த இயந்திரத்திற்கு அட்டை இல்லை. சிறிதளவு கதிரியக்கப் பொருள் பூசிய காசோலையை அதற்குள் இட வேண்டும். இரகசிய எண்ணுக்கு ஆறு இலக்கங்கள் வைக்க அவர் எண்ணியிருந்தார். நான்குக்கு மேல் தமக்கு நினைவில் நிற்காது என்று மனைவி சொல்ல, நான்காகக் குறைத்ததாக அவரே பின்னாளில் கூறியுள்ளார். இன்று நாம் மனத்தில் வைத்திருக்கும் நான்கு இலக்கங்கள் ஒரு சமையலறைப் பேச்சில் முடிவானவை எனலாம்.

இந்தியாவிற்கு இந்த இயந்திரம் 1987இல் மும்பையில் வந்தது. அதற்கு முன் நம் கிளைகளில் பணம் எடுக்கும் முறையை மூத்த வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். காசோலையைக் கொடுத்துப் பித்தளை வில்லையைப் பெற்றுக்கொண்டு, காசாளர் எண்ணைக் கூப்பிடும்வரை நீள இருக்கையில் காத்திருக்க வேண்டும். பிற்பகலில் பணப்பரிமாற்ற நேரம் முடிந்துவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான். அந்நாளில் யாரிடமேனும் சென்று, காசாளருக்குப் பதில் ஓர் இரும்புப் பெட்டி வேண்டுமா என்று கேட்டிருந்தால் வேண்டாம் என்றே சொல்லியிருப்பார். பெட்டி எண்ணித் தருவது சரியாக இருக்குமா, தவறினால் யாரைக் கேட்பது என்று அவருக்கு ஐயம் எழுந்திருக்கும். ஆனால் இரவு பத்து மணிக்கு மருத்துவமனையில் பணம் கட்ட வேண்டியிருந்தால் உங்கள் கணக்கிலிருந்து எடுக்க விருப்பமா என்று கேட்டிருந்தால் விடை வேறாக இருந்திருக்கும்.

மக்கள் விரும்பியது இரவு பத்து மணிப் பணத்தை. காசாளர் இல்லாமை அதனுடன் சேர்ந்து வந்த ஒரு நிலை. சிலருக்கு அது குறையாகவும் இருந்தது. இன்றும் இயந்திரம் அருகிலேயே இருக்க, கிளைக்குள் வந்து அலுவலரிடம் பேசிப் பணம் பெற்றுச் செல்லும் வாடிக்கையாளர்கள் நமக்கு உண்டு.

ஆகவே, தானே ஓடும் வாடகைக் காரை மக்கள் விரும்புகின்றனரா என்ற கேள்வியை இருந்தபடியே கேட்பதில் பெரிய பயன் இல்லை. ஓட்டுநர் இல்லாமையால் பயணிக்குக் கிடைப்பது என்ன, இழப்பது என்ன, அந்த வேறுபாட்டிற்கு அவர் என்ன விலை கொடுக்கிறார் என்று பிரித்துக் கேட்க வேண்டும்.

கூடுதலாகக் கொடுத்த ஐந்து டாலர்

விலையிலிருந்தே தொடங்குவோம். ஓட்டுநருக்குக் கூலி தர வேண்டியதில்லை என்பதால் இக்கார்கள் மலிவாக இருக்கும், மலிவுக்காகவே மக்கள் ஏறுவர் என்பது பல ஆண்டுகளாகச் சொல்லப்பட்ட வாதம். வாடகைக் கார்களின் கட்டணங்களை ஒப்பிடும் ஓபி என்ற நிறுவனம் 2025ஆம் ஆண்டின் மார்ச், ஏப்ரல் மாதங்களில் சான் பிரான்சிஸ்கோவில் திரட்டிய விவரம் அதனைத் தலைகீழாக்கியது. வேமோ பயணத்தின் சராசரிக் கட்டணம் 20.43 டாலர். ஊபருக்கு 15.58 டாலர்; லிஃப்டுக்கு 14.44 டாலர். நிறுவனம் இக்கார்களை இயக்க எவ்வளவு செலவிடுகிறது என்பது வேறு கதை. பயணி ஒருவர் ஏறத்தாழ 5 டாலர் கூடுதலாகக் கொடுத்து, அக்காலத்தில் விரைவுச் சாலையில் ஏறாமல் நகரத் தெருக்களின் வழியே மட்டும் சென்ற ஒரு வண்டியைத் தேர்ந்தெடுத்தார் என்பதே நமக்கு முக்கியம். (விரைவுச் சாலைப் பயணம் பொதுமக்களுக்கு 2025 நவம்பரில்தான் தொடங்கியது.)

எதற்காக அந்தக் கூடுதல் விலை? புதுமையைப் பார்க்கும் ஆசை ஒரு பங்கு இருக்கும். சுற்றுலா வந்தோர் இதற்கென்றே ஒரு முறை ஏறுகின்றனர். ஆனால் வாரத்திற்குப் பல முறை செல்பவரைப் புதுமை நெடுநாள் பிடித்து வைக்காது. பயணம் செய்தோர் பலரும் பொதுவாகச் சொல்வது ஒன்றே: முதல் சில நிமிடங்கள் திசைமாற்றி தானே திரும்புவதை மூச்சடக்கிப் பார்க்கின்றனர், பத்தாம் நிமிடம் கைப்பேசியை எடுத்துக்கொள்கின்றனர். அச்சம் அவ்வளவு விரைவில் சலிப்பாக மாறிவிடுகிறது.

அதன்பின் எஞ்சுவது தனிமை. அழைத்த கார் வந்து நிற்கிறது. எது தம்முடையது என்று அறியக் கூரையின்மேல் பயணியின் பெயரெழுத்துகள் ஒளிர்கின்றன. கைப்பேசியால் கதவைத் திறந்து அமர்ந்து, புறப்படும்படி ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். வானிலை பற்றியோ அரசியல் பற்றியோ பேச வேண்டியதில்லை. அமெரிக்காவில் எழுதாச் சட்டமாகிவிட்ட அன்பளிப்புத் தொகை எவ்வளவு என்று கணக்கிட வேண்டியதில்லை. தொலைபேசியில் பேசியபடியோ தூக்கக் கலக்கத்திலோ ஒருவர் ஓட்டுகிறாரா என்று கவலைப்பட வேண்டியதில்லை. ஒவ்வொரு முறையும் ஒரே விதமான ஓட்டம், ஒரே விதமான தூய்மை. ஓட்டலில் உண்பவர் ஒரே சுவையை எதிர்பார்ப்பதுபோல், பயணியும் மாறாத்தன்மைக்குப் பணம் கொடுக்கிறார்.

பெண்களுக்கு இது இன்னும் ஆழமான செய்தி. 2018ஆம் ஆண்டில் மட்டும் அமெரிக்கப் பயணங்களில் 3,045 பாலியல் அத்துமீறல் புகார்கள் வந்ததாக ஊபர் தன் பாதுகாப்பு அறிக்கையில் தானே வெளியிட்டது. பாதிக்கப்பட்டோரில் பயணிகளும் இருந்தனர், ஓட்டுநர்களும் இருந்தனர். நம் நாட்டிலும் 2014 டிசம்பரில், செயலி வழியே அழைத்த காரில் சென்ற இளம்பெண் ஒருவருக்கு டெல்லியில் நேர்ந்த கொடுமையைத் தொடர்ந்து அச்சேவைக்கு அங்குத் தடை விதிக்கப்பட்டது. வேலை முடிந்து நள்ளிரவில் திரும்பும் மகளுக்காகக் கண் விழித்துக் காத்திருக்கும் பெற்றோர், வண்டியில் வேறு எவரும் இல்லை என்பதற்கு எவ்வளவு மதிப்புத் தருவர் என்பதைக் கேள்வித்தாள் கொண்டு அளக்க வேண்டியதில்லை. ஃபீனிக்ஸில் 14 முதல் 17 வயதுவரை உள்ள பிள்ளைகள் பெற்றோரின் ஒப்புதலுடன் தனியே செல்ல 2025 ஜூலையில் வேமோ வழிசெய்ததும் இந்த உணர்வை அறிந்துதான்.

ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. 2024 செப்டம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் பெண் ஒருவர் தனியே சென்ற காரை இரு ஆடவர் சாலையில் வழிமறித்து நின்று, அவருடைய தொலைபேசி எண்ணைக் கேட்டுத் தொல்லை கொடுத்தனர். யார்மீதும் மோதக்கூடாது என்று கற்பிக்கப்பட்ட கார் அசையாமல் நின்றது. மனித ஓட்டுநர் இருந்திருந்தால் பின்னோக்கி எடுத்தோ, ஒலிப்பானை அழுத்தியோ, இரண்டு வார்த்தை கடிந்து பேசியோ விலகியிருப்பார். ஓட்டுநர் சிலருக்கு அச்சத்தின் காரணம். வேறு சில நேரங்களில் அவரே துணை.

இழப்பவை வேறு சிலவும் உள. பெட்டியைத் தூக்கி வைக்க ஆள் இல்லை. முதியவரின் கையைப் பிடித்து ஏற்ற ஆள் இல்லை. பயணி கதவைச் சரியாகச் சாத்தாமல் இறங்கிவிட்டால், அக்கதவை மூட ஒரு மனிதர் தேடி வரும்வரை பல இலட்சம் மதிப்புள்ள வண்டி வீதியோரத்தில் நிற்கிறது. 2025 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோவின் பெரும் பகுதியில் மின்சாரம் தடைப்பட்டுப் போக்குவரத்து விளக்குகள் அணைந்தபோது, இக்கார்கள் பல சந்திப்புகளில் செய்வதறியாமல் நின்றன. சேவையைச் சிறிது காலம் நிறுத்த நேர்ந்தது. விளக்கு அணைந்த சந்திப்பை நம் ஊர் ஆட்டோ ஓட்டுநர் ஒரு பொருட்டாகவே கருதமாட்டார்!

காருக்கு வெளியே நிற்பவர்

பயணம் செய்பவரின் விருப்பத்தை அவர் தரும் கட்டணம் காட்டுகிறது. அந்தக் கார் செல்லும் சாலையில் நடப்பவரின் விருப்பத்தை எது காட்டும்? இந்தக் கேள்விக்குப் பொருளியலில் எளிய விடை இல்லை; நகரங்கள் அதனைச் சிரமப்பட்டே கற்றுக்கொண்டன.

2023 ஆகஸ்ட் 10 அன்று கலிஃபோர்னியாவின் பொதுப் பயன்பாட்டு ஆணையம், வேமோவும் ஜெனரல் மோட்டார்ஸுக்குச் சொந்தமான க்ரூஸும் சான் பிரான்சிஸ்கோவில் இரவும் பகலும் கட்டணம் பெற்றுக் கார்களை ஓட்ட 3க்கு 1 என்ற வாக்கில் இசைவளித்தது. தீயணைப்பு வண்டிகளுக்கு இவை இடையூறாக இருக்கின்றன என்று அந்நகரின் தீயணைப்புத் துறை அதற்கு முன்பே முறையிட்டிருந்தது. இரண்டு மாதம்கூட நிறைவடையாத நிலையில், அக்டோபர் 2 அன்று, வேறொரு கார் மோதித் தூக்கியெறிந்த பெண் ஒருவர் க்ரூஸ் காரின் முன் விழுந்தார். அவர்மீது மோதி நின்ற கார், வாகனம் அடியில் ஆள் சிக்கியிருப்பதை உணராமல் ஓரங்கட்ட நகர்ந்து, அவரை ஏறத்தாழ 20 அடி இழுத்துச் சென்றது. அக்டோபர் 24 அன்று மாநில மோட்டார் வாகனத் துறை க்ரூஸின் ஓட்டுநரில்லா இயக்கத்திற்கான உரிமத்தை நிறுத்திவைத்தது.

விபத்தைவிட அதன் பிறகு நடந்ததே அந்நிறுவனத்தை வீழ்த்தியது என்பது நம் கருத்து. பெண்ணை இழுத்துச் சென்ற செய்தியை அதிகாரிகளிடம் முழுமையாகத் தெரிவிக்கவில்லை என்பது வெளிப்பட்டது. பொய்யான அறிக்கை அளித்ததைப் பின்னர் க்ரூஸ் ஒப்புக்கொண்டு 5 லட்சம் டாலர் அபராதம் செலுத்தியது. 1,000 கோடி டாலருக்கு மேல் செலவிட்டிருந்த ஜெனரல் மோட்டார்ஸ் 2024 டிசம்பரில் இத்தொழிலுக்குப் பணம் தருவதை நிறுத்திக்கொண்டது. பணம் போட்டவருக்கும் இங்கு ஒரு பாடம் உண்டு. ஏறுவதற்கு ஆட்கள் இருந்தனர், கார்களும் ஓடின, ஆயினும் நிறுவனம் நிற்கவில்லை. ஒரு சேவை மக்களுக்குப் பிடித்திருக்கிறது என்ற செய்தியை மட்டும் நம்பி அதன் பங்குகளை வாங்க எண்ணுவோர் இதனைச் சிறிது நினைத்துப் பார்க்கலாம்.

வேமோவும் வெளியே நிற்பவரின் சினத்திற்குத் தப்பவில்லை. 2024 பிப்ரவரியில் சீனப் புத்தாண்டுக் கொண்டாட்டத்தின்போது, கூட்டத்தில் மாட்டிக்கொண்ட அதன் வெறுங்கார் ஒன்றைச் சிலர் உடைத்துத் தீ வைத்தனர். ஆஸ்டினில், குழந்தைகளை ஏற்றி இறக்க நின்ற பள்ளிப் பேருந்துகளை அதன் கார்கள் விதிமீறிக் கடந்ததால், 2025இன் இறுதியில் மென்பொருளைத் திருத்த வேண்டியிருந்தது. மற்றொரு புறம், காப்பீட்டு நிறுவனமான சுவிஸ் ரீயுடன் சேர்ந்து வேமோ 2024இல் வெளியிட்ட ஆய்வு, 2.53 கோடி மைல் ஓட்டத்தில் மனித ஓட்டுநர்களை ஒப்பிட உடற்காய இழப்பீட்டுக் கோரிக்கைகள் 92 விழுக்காடு குறைவு என்றது. நிறுவனமே பங்கேற்ற ஆய்வு என்பதை மனத்தில் கொண்டாலும், காப்பீட்டார் கணக்கைப் புறந்தள்ள இயலாது. பணம் கொடுப்பவர் அவர்.

சீனாவின் வூஹானில் தேர்வு வேறு விதமாக நடந்தது. பைடு நிறுவனத்தின் கார்கள் அங்கு 2024இல் 4 முதல் 16 யுவான் கட்டணத்தில் ஓடியபோது, மனிதர் ஓட்டிய கார்களுக்கு அதே தொலைவுக்கு 18 முதல் 30 யுவான் ஆயிற்று. நகரின் வாடகைக் கார் ஓட்டுநர்கள் கொதித்தெழுந்தனர். பாதி விலைக்கும் கீழே கொடுத்தால் மக்கள் ஏறத்தான் செய்வர். அது மலிவை விரும்புவதற்குச் சான்றாகுமே ஒழிய, ஓட்டுநர் இல்லாமையை விரும்புவதற்குச் சான்றாகாது. இவ்வகையில் சான் பிரான்சிஸ்கோவின் கூடுதல் 5 டாலர் நமக்குச் சொல்வது மிகுதி.

நம் நாட்டில் நாம் விரும்புவது

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி, ஓட்டுநரில்லாக் கார்களை இந்தியாவிற்குள் வர விடமாட்டோம் என்று 2017இலும், மீண்டும் 2023 டிசம்பரிலும் கூறினார். இலட்சக்கணக்கான ஓட்டுநர்களின் வேலை போய்விடும் என்பது அவர் சொன்ன காரணம். ஆகவே இங்கு இக்கேள்வி உடனடியானது அன்று. ஆனால் கேட்டுப் பார்ப்பதில் ஒரு பயன் உண்டு: நாம் வாடகைக் காரிடம் எதை எதிர்பார்க்கிறோம் என்பது தெளிவாகும்.

செயலியில் கார் அழைக்கும் எவரையும் அவருடைய மனக்குறை என்னவென்று கேட்டுப் பாருங்கள். ஒப்புக்கொண்ட பிறகு ஓட்டுநர் பயணத்தைக் கைவிடுகிறார். எங்கே போக வேண்டும் என்று முதலில் தொலைபேசியில் கேட்கிறார். திரையில் காட்டிய கட்டணத்திற்கு மேல் கேட்கிறார். குளிர்சாதனத்தை இயக்க மறுக்கிறார். மழை வந்தால் கட்டணம் இரு மடங்காகிறது. இவற்றுள் எதனைத் தீர்ப்பதற்கும் தானே ஓடும் கார் தேவையில்லை என்பதைக் கவனியுங்கள். பெரும்பாலானவை ஓட்டுநருக்கும் செயலி நிறுவனத்திற்கும் இடையே உள்ள கணக்கு வழக்கில் பிறப்பவை. தமக்குக் கிடைக்கும் பங்கு கட்டுப்படியாகாதபோது ஓட்டுநர் தொலைவான பயணத்தைத் தேடுகிறார், ரொக்கத்தைக் கேட்கிறார். மத்திய அரசு 2020இலும் 2025இலும் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் இந்த இடத்தைத்தான் தொடுகின்றன. தக்க காரணமின்றிப் பயணத்தைக் கைவிட்டால் கட்டணத்தில் 10 விழுக்காடு, 100 ரூபாய்க்கு மிகாமல் தண்டம். தம் சொந்தக் காரை ஓட்டுவோருக்குக் கட்டணத்தில் குறைந்தது 80 விழுக்காடு. மாநில அரசுகள் அவற்றை எவ்வளவு உறுதியாக நடைமுறைப்படுத்துகின்றன என்பதில்தான் பயணியின் நிம்மதி இருக்கிறது.

ஓட்டுநரை நாம் எவ்வளவு சார்ந்திருக்கிறோம் என்பதும் அவர் இல்லாத காரைக் கற்பனை செய்து பார்த்தால்தான் தெரியும். மாரியம்மன் கோயிலைத் தாண்டி இரண்டாவது இடப்பக்கம், பச்சைக் கதவு என்று வழி சொல்லும் நாடு இது. வரைபடத்தில் இல்லாத சந்துக்குள் நுழைவதும், தேர்த்திருவிழாவுக்கு அடைத்த தெருவைச் சுற்றிக்கொண்டு போவதும், மருத்துவமனை வாசலில் சக்கர நாற்காலியைத் தேடி ஓடுவதும் இங்கு ஓட்டுநர் வேலையின் பகுதியே. கூலி உயர்ந்த அமெரிக்காவில் ஓட்டுநரை நீக்கினால் செலவின் பெரும் பங்கு நீங்கும். இங்கு அவருடைய வருவாயைவிட, கார்மீது பொருத்த வேண்டிய ஒளியுணரிகளும் படக்கருவிகளும் கணினியும் அவற்றைப் பேணும் ஆட்களும் அதிகச் செலவு வைக்கும்.

பாதுகாப்பு ஒன்றே இங்கு வலுவான வாதம். 2022இல் நம் நாட்டுச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். ஆனால் அவர்களில் பத்துக்கு நால்வருக்கு மேற்பட்டோர் இருசக்கர வாகனத்தில் சென்றோர். ஏறத்தாழ ஐவரில் ஒருவர் நடந்து சென்றவர். சில ஆயிரம் தானியங்கி வாடகைக் கார்கள் அவர்களைக் காக்கப் போவதில்லை. தலைக்கவசமும் நடைபாதையும் காக்கும்.

ஆயினும் ஓட்டுநர் இல்லாத வண்டியே நமக்கு ஒவ்வாதது என்று சொல்வதற்கில்லை. டெல்லி மெட்ரோவின் மெஜந்தா தடத்தில் 2020 டிசம்பர் 28 முதல் ஓட்டுநரில்லா ரயில் ஓடுகிறது. தண்டவாளம் வகுத்த வழியில், எவரும் குறுக்கே வராத பாதையில் ஓடுவதால் அதன் வேலை எளிது. ஏறுவோரின் கவலையெல்லாம் உட்கார இடம் கிடைக்குமா என்பதே.

இதனைப் படிக்கும் வாடிக்கையாளர்களில் வாடகைக் கார் வாங்கக் கடன் பெற்றோரும் இருப்பர். பெறலாமா என்று எண்ணிக்கொண்டிருப்போரும் இருப்பர். வெளிநாட்டுச் செய்தியைப் பார்த்து, ஐந்தாண்டுத் தவணை முடிவதற்குள் தொழிலே போய்விடுமோ என்று அவர்களுக்குக் கலக்கம் எழக்கூடும். சட்டம், சாலை, செலவு ஆகிய மூன்றும் இப்போது இருக்கும் நிலையில் அக்கலக்கத்திற்கு இடமில்லை என்றே நாம் கருதுகிறோம். அவர்களுடைய தவணையை உண்மையில் அசைக்கக்கூடியவை எரிபொருள் விலையும், செயலி நிறுவனம் பிடித்துக்கொள்ளும் பங்கும், ஒரு மாதம் வண்டி ஓடாமல் நின்றால் தாங்கும் அளவுக்குக் கையிருப்பு இருக்கிறதா என்பதும் ஆகும். மகனையும் இத்தொழிலில் இறக்கலாமா என்று கேட்போருக்கு அதே உறுதியுடன் விடை சொல்ல இயலாது.

விபத்து நேர்ந்தால் யார் பொறுப்பு என்பதையும் சட்டம் முன்னதாகத் தீர்க்க வேண்டும். நம் மோட்டார் வாகனச் சட்டம் உரிமம் பெற்ற ஓட்டுநரையும், மூன்றாம் தரப்புக் காப்பீட்டையும் அடிப்படையாகக் கொண்டது. ஓட்டுநரே இல்லையென்றால் முதற்காலே இல்லாமற்போகிறது. பிரிட்டன் 2024 மே மாதத்தில் இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றி, கார் தானே ஓடும்போது அது ஓடும் விதத்திற்கான பொறுப்பைப் பயணியிடமிருந்து எடுத்து நிறுவனத்தின் மேல் வைத்தது.

சான் பிரான்சிஸ்கோவிலோ ஃபீனிக்ஸிலோ வேலை பார்க்கும் பிள்ளைகளைக் காணச் செல்லும் வாசகர்கள் பலர் இக்காரில் ஏறும் வாய்ப்பை இப்போதே பெறுகின்றனர். ஓட்டுநர் இருக்கையில் மட்டும் அமரக்கூடாது. காரின் உள்ளேயும் படக்கருவிகள் இருப்பதை நினைவில் கொள்க. ஐயம் எழுந்தால் திரையில் உள்ள உதவிப் பொத்தானை அழுத்தினால் மனிதர் ஒருவர் பேசுவார். பெட்டிகளைத் தாமே இறக்கி வைத்துக்கொண்டு, கதவை நன்றாகச் சாத்திவிட்டு நகரவும்.